அறுபத்தொன்பது

வங்கியிலிருந்து மூன்று தரம் அழைத்தார்கள்.
மூன்று தரமும் வெட்டினேன்.
பரிசு விழுந்திருக்கிறது என்று ஒரு குரல் சொன்னால்
அடுத்ததாகக் கணக்கு எண்ணைக் கேட்கும் என்பது
வினிப்பெக்கில் பால்குடிக்கும் தெரியும்.

பிறகு கடிதம்.
முப்பது நாளுக்குள் வந்து கோராவிட்டால்
வேறு பெயர் எடுப்பார்களாம்.
மின்சார பில்லுக்கும் பீட்சா விளம்பரத்துக்கும் நடுவில் கிடந்ததை
இருபத்தெட்டாம் நாள் பிரித்தேன்.

மைனஸ் முப்பத்தொன்று.
போர்ட்டேஜ் வீதியில் பஸ்ஸுக்கு நின்ற நேரம்
இமை ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.

சேமிக்கும் ஒவ்வொரு ஐம்பது டொலருக்கும் ஒரு வாய்ப்பு.
சத்தியமாய் நான் வாய்ப்புக்காகச் சேர்க்கவில்லை.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துச் சம்பளத்தில்
வாரம் ஓர் ஐம்பது
என் கைக்கே எட்டாமல் இருக்கட்டும் என்று போட்டது.
குலுக்கல் என்ற சொல்
படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்திருக்கும்.
கண்ணில் பட்டிருந்தால் ஒப்பமே வைத்திருக்க மாட்டேன்.

குலுக்கல் எனக்குத் தெரியும்.
பதினொரு பெயர், பதினொரு துண்டு, ஒரு எவர்சில்வர் செம்பு.
ஆளுக்கு மாதம் இருநூறு.
தாய்ச்சி நான்.
முதற்சீட்டு தாய்ச்சிக்கு, அது வழமை;
என் வீட்டு ஹீற்றர் அந்தக் காசில்தான் இன்னும் எரிகிறது.
ஐந்தாம் சீட்டு எடுத்த கஜமுகன்
அடுத்த கிழமையே கல்கரிக்குப் போனான்.
அவனைப் பார்த்து, முன்னே எடுத்த மூவரும் கைவிரித்தார்கள்.
ஆறாம் மாதம் செம்பில் துண்டு இருந்தது.
எடுக்காமல் இருந்த ஆறு பேர்
என் வரவேற்பறையில் சப்பாத்தும் கழற்றாமல் நின்றார்கள்.
"கணக்குத் தெரியாத தாய்ச்சி"
என்று கோவில் மண்டபத்தில் யாரோ சொன்னது
சமையற்கட்டு வரைக்கும் கேட்டது.

ஜொவிலின் என்று நெஞ்சில் பெயர் குத்தியிருந்த பெண்
எழுந்து வந்து கைகொடுத்தாள்.
ஐயாயிரம், என்றாள். வரி கிடையாது, என்றாள்.
அடையாள அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு ஒரு தாளை நகர்த்தினாள்.
வெறும் அதிர்ஷ்டத்துக்குக் காசு கொடுத்தால்
இங்கே சூது ஆகிவிடுமாம்.
அதனால் ஒரு கணக்குச் செய்ய வேண்டும்.
கல்குலேட்டர் கூடாது. யாரையும் கேட்கக் கூடாது.

16 × 5 − 20 + 36 ÷ 4

இடமிருந்து வலமாய் ஓடினால் இருபத்துநாலில் போய் விழுவாய்.
நான் ஓடவில்லை.
பதினாறு கட்டில், கட்டிலுக்கு ஐந்து விரிப்பு.
இருபதில் கறை போகவில்லை, தள்ளு.
முப்பத்தாறு தலையணையுறை நாலு வண்டிக்குப் பிரிக்க
என் வண்டிக்கு ஒன்பது.

அறுபத்தொன்பது.

அவள் தன் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கைதட்டினாள்.
வரிசையில் நின்ற தாடிக்காரரும் ஏனென்று தெரியாமல் தட்டினார்.
கதவளவு அட்டைச் செக் ஒன்றைப் பிடிக்கச் சொன்னார்கள்;
படத்தைக் கண்ணாடியில் ஒட்டுவார்களாம்.
விருப்பமில்லை என்று குறிக்க ஒரு கட்டம் இருந்தது.
பேனாவை அதன்மேல் வைத்தேன்,
எடுத்தேன்.
ஒட்டட்டும்.
கல்கரியிலிருந்து வருகிறவன் யாரும்
அதைக் கடந்து போகட்டும்.

ஆறில் இரண்டு பேருக்கு முன்னமே தீர்த்தாயிற்று.
மிச்சம் நாலு கதவு, கதவுக்கு ஆயிரம்.
முதலாமவர் கதவைப் பாதி திறந்து வாங்கினார்.
இரண்டாமவர் இல்லை; மகன் வாங்கினான், எண்ணவில்லை.
மூன்றாமவர் வட்டி கேட்டார். பகிடியா என்று இன்னும் தெரியாது.

கடைசி வீடு புவிதரன் அண்ணர்.
நின்றபடியே எண்ணினார், விரலை எச்சில் தொட்டு,
இருபது ஐம்பதுகள்.
மறுபடி எண்ணினார்.
மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துத் தட்டிவிட்டுக் கேட்டார்:
"அப்ப, அடுத்த சீட்டு எப்ப தொடங்கிறியள்?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
எத்தனை பேர், என்று கேட்டேன்.