வரி: பூச்சியம்

காலாண்டுக் கணக்கு நாளைக்குள் போகவேண்டும்.
பென்டில் ஹில்லில் கடைக்கதவைச் சாத்திவிட்டு
எண்ணெய் ஆறுகிற மணத்தில்
பற்றுச்சீட்டுகளைப் பரப்பியிருக்கிறேன்.

வெறும் பாணுக்கு வரியில்லை.
அதே மாவுக்குள் இறைச்சியை வைத்துச் சுருட்டினால் உண்டு.
மூன்றரை டொலர் றோலில்
முப்பத்திரண்டு சதம் அரசாங்கத்தினது.
கொஞ்சநாள் என் கையில் தூங்கிவிட்டுப் போகும்.

சாகித்யாவின் பள்ளிக்கூட பில்
இருபத்தெட்டாயிரம்.
வரி என்ற வரியில் பூச்சியம்.
கோட்டுக்கு மட்டும் பத்து வீதம் பிடித்தார்கள்,
நீலத்தில் இரண்டு பொன்வரி ஓடுகிற கோட்டு.
படிப்புக்கு இல்லை, துணிக்கு உண்டு.

போன மாதம் அங்கே ஒரு விவாதம்:
தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு வரி வேண்டுமா?
சீட்டுக் குலுக்கியதில்
இவளுக்கு விழுந்தது ‘வேண்டும்’.
மூன்று இரவு, நான் வெங்காயம் வெட்ட,
கல்லாப்பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்று
என்னையே எதிர்க்கட்சி ஆக்கினாள்.

“எலியாஸ் எங்கே படிக்கிறான்?” என்றாள்.
சலூன்கார ஹடாட்டின் பொடியன்,
நாலு மணிக்குச் சில்லறையை எண்ணிக்கொண்டு வருவான்.
அவனுடைய வகுப்பு லொறியில் கொண்டுவந்து இறக்கிய பெட்டி;
மழைக்கு வாளி வைப்பார்களாம்.
“அவன் றோலுக்குக் கட்டுகிறான்.
நீங்கள் எனக்குக் கட்டுவதில்லை.”

நான் என்ன பணக்காரனா என்றேன்.
பன்னிரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமையின் முகம் பார்த்ததில்லை.
நாங்களெல்லாம் பிள்ளைகளை
அரசுப் பள்ளிக்கே திருப்பினால்
இன்னும் எத்தனை பெட்டி இறக்குவார்கள், சொல்லு?
குறித்துக்கொண்டாள்.
மறுநாள் அதற்கும் ஒரு பதிலோடு வந்தாள்.
அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை,
பிழை என்றும் சொல்ல முடியவில்லை.

வியாழன் மாலை, மண்டபத்தின் கடைசி வரிசை.
வென்றுவிட்டாள்.
றோல் உதாரணத்தை நடுவர் தனியாகப் பாராட்ட
சுற்றியிருந்த பெற்றோர் சிரித்தார்கள்.
நானும் தட்டினேன்,
என் காசில் படித்து என்னைத் தோற்கடித்த பிள்ளைக்கு,
நகத்திடையில் மா காய்ந்த இரண்டு கையாலும்.

காரில் கேட்டாள்:
“அப்பா, உண்மையாகவே போட்டால்?”
சிவப்பு விளக்கில் நின்றபடி மனக்கணக்குப் போட்டேன்.
“வருஷத்துக்கு எண்ணூறு றோல் கூட.”

அவள் கொஞ்சநேரம் பேசவில்லை.
“மட்டனா, மரக்கறியா?”

பச்சை விழுந்தது.
பின்னாலிருந்தவன் ஹோர்ன் அடித்தான்.