நாவாந்துறைப் போத்தல்

ஒளிர்மானி பழுதாகி ஏழு மாதம்.
கொழும்பிலிருந்து வரவேண்டிய மின்குமிழ்
யாரோ ஒருவரின் கையொப்பத்துக்காக
இன்னும் காத்திருக்கிறது.
ஆகவே கஸ்தூரியார் வீதியில்
கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதா டோர்ச் ஒன்று வாங்கினேன்.
பற்றுச்சீட்டில்
'ஆய்வுகூட உபகரணம்' என்று எழுதுவித்தேன்.

தின்னவேலியில் கரண்ட் போகிற நேரம்தான்
எனக்கு வேலை நேரம்.
கொயினா, கொஞ்சம் சல்பூரிக்கமிலம்.
காய்ச்சலில் விழுங்கி முகம் சுளித்த அதே கசப்பு
டோர்ச் அடித்ததும்
குழாய் முழுக்க நீலமாய் நின்றது.

மூலக்கூறு ஊதாவை வாங்கும்,
வாங்கியதும் ஒரு படி மேலே.
அங்கே நிற்க அதற்கு இருபது நானோசெக்கன்.
ஓர் இமைப்புக்குள் எத்தனை தரம் ஏறி இறங்கலாம் என்று
ஒருநாள் கணக்குப் பார்த்துப் பாதியில் விட்டேன்.
இறங்கும்போது வாங்கியதை அப்படியே தராது.
கொஞ்சம் நடுங்கிச் சூடாய்ச் சிந்திவிட்டு
மிச்சத்தை நீலமாய்த் தரும்.
தரகு பிடிக்காத மூலக்கூறை
நான் இன்னும் காணவில்லை.

பிறகு கிணறுகள்.
நீர்வேலித் தண்ணீர் விட்டேன், நீலம் லேசாய்ச் சுருங்கியது.
அரியாலை, பாதி.
ஊர்காவற்றுறைக்கு
டோர்ச்சைக் கிட்டப் பிடிக்க வேண்டியிருந்தது.

நாவாந்துறைப் போத்தலைக் கொண்டுவந்த மரியசீலி
போகாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.
விட்டேன்.
"நூந்திட்டுதே" என்றார்.

நூந்ததுதான்.
அறிக்கையில் 'தணிப்பு' என்று எழுதுவோம்.
இரண்டாம் வருடப் பெடியன் ஒருவன்
'அணைத்தல்' என்று எழுத
சிவப்பால் வெட்டியிருக்கிறேன்.
உப்பிலிருக்கும் குளோரைட்டு
கொயினாவை உடைப்பதில்லை, தின்பதில்லை.
அது ஏறி நிற்கும் சொற்ப நேரத்துக்குள்
வந்து ஒருமுறை ஒட்டிக்கொள்கிறது.
வெளிச்சமாய் வரவேண்டியது
எந்த வெப்பமானியும் பிடிக்காத வெதுவெதுப்பாய்ப் போகிறது.
பிறகு விட்டுவிட்டு
அடுத்ததிடம் போகிறது, தான் மாறாமல்.
அணைத்தல்தான், இரண்டு பொருளிலும்.
பெடியனுக்கு அரைப் புள்ளி கடன்.

"குடிக்கலாமோ?"
"ஏலாது."
"குடிக்கிறேல்லை. தோய்க்கிறம், குளிக்கிறம்."

டோர்ச்சை நூர்க்கத் திரும்பினேன்,
ஊதா அவர் சட்டையில் பட்டது.
வெள்ளைச் சட்டை.
அத்தனை இருட்டிலும் அது மட்டும் எரிந்தது,
கொயினாவைவிட நீலமாய்.
சவர்க்காரத் தூளின் ஏதோ ஒரு மூலக்கூறு
நூலோடு இறுகிப்போய்
உப்பைக் கிட்ட விடாமல் இருந்திருக்க வேண்டும்.
"எந்தத் தண்ணியில தோய்ச்சது?"
அவர் குழாயைப் பார்த்தார்,
தன் கையைப் பார்த்தார்,
சிரித்தார். பல்லும் நீலம்.

நான் எண்ணை எழுதிக்கொண்டிருந்தேன்.
"போத்தலைத் தாங்கோ" என்றார்,
"நெல்லிரசப் போத்தல். மூடி நல்ல இறுக்கம்."