வியாழக்கிழமை முதல் படகு

யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று
ராய்வோவும் நானும் கைகுலுக்கிக்கொண்டோம்,
ரொட்டிக்கடையின் பின்வாசலில்.
என் விரல்களில் கம்பு மாவு.
அவன் கோட்டில் இன்னும் இருக்கிறது அந்தக் கறை.

ஆனால் சௌனாவுக்குள்
ரகசியத்தை எங்கே வைத்துக்கொள்வது?
உடுப்பில்லை, பையில்லை,
மடித்து ஒளிக்க ஒரு கைக்குட்டைகூட இல்லை.
மேல்பலகையில் அவன் அக்கா கைடி,
முழங்கால்களைக் கட்டிக்கொண்டு.
கீழ்ப்பலகையில் நான்.
உள்ளங்கை அகலச் சன்னலில்
மூஹு தீவின் ஜனவரி:
ஐந்து மணிக்கே நள்ளிரவு.

அவள் ஓர் அகப்பை நீரைக் கற்களில் ஊற்றினாள்.
கற்கள் சீறின.
அந்தச் சீறலுக்குள் சொல்லிவிடலாம் என்று
சொன்னேன்.

"கேட்கவில்லை. மறுபடி சொல்."

முதல்முறை வாய் தவறியது என்று சொல்லிக்கொள்ளலாம்.
இரண்டாம் முறை
நாமேதான் சொல்கிறோம்.

சொன்னேன்.
உன் அம்மா குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் பட்டியலில்
நூற்று நாற்பத்தொரு பெயர்,
அதில் மூன்று பேர் செத்துப்போனவர்கள்,
அடிக்க மனசில்லையாம்.
அக்கார்டியன் வாசிக்க ஆள் பேசியாகிவிட்டது.
வீட்டு பீருக்கு பார்லி வாங்கியாகிவிட்டது.
மணப்பெண்ணைக் கடத்தி ஒளித்துவைக்கும் விளையாட்டுக்கு
எந்தக் கொட்டகை என்றுகூட முடிவாகிவிட்டது.
அதற்கு முன்னால்
நாங்களே எங்களைக் கடத்திக்கொண்டுபோகிறோம், கைடி.
இந்த மாதக் கடைசியில், ஹாப்சலு பதிவகத்தில்.
பூங்கொத்து கிடையாது. பனிக்கால பூட்ஸ்தான்.
கையெழுத்து, பிறகு மீன் சூப்.
ஆகஸ்டில் அம்மாவின் விருந்து அப்படியே நடக்கட்டும்.
ஏழு மாதக் கிழவனும் கிழவியுமாக
மேசைத் தலைமாட்டில் உட்கார்ந்து
சமர்த்தாக வெட்கப்படுவோம்.
கோட்டுகளைப் பிடித்துக்கொள்ள
ஒரே ஓர் ஆள் வேண்டும்.

கைடி பேசவில்லை.
அவள் கல்யாணத்துக்கு இருநூறு பேர்.
நான்காம் வருடம் அவன் போனபோது
அந்த இருநூறு பேருக்கும்
தனித்தனியாகப் பதில் சொன்னவள்.
துறைமுகத்தில் டிக்கெட் கொடுக்கும் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால்
ஒவ்வொரு காரும் சன்னலை இறக்கிக் கேட்டது.

வேர்வை அவள் மூக்கு நுனியில் சேர்ந்து
என் தோளில் விழுந்தது.

"வியாழக்கிழமை எனக்குக் காலை ஷிஃப்ட்.
ஹிண்ட்ரெக்கிடம் மாற்றிக்கொள்கிறேன்."

வியாழன் என்று
நான் சொல்லவே இல்லை.

நான் ஏறிட்டுப் பார்த்தேன்.
அவள் சன்னலைப் பார்த்தாள்,
அங்கே பார்க்க ஒன்றுமில்லை.
"சனிக்கிழமையே வந்து உளறிவிட்டான்.
உன்னிடம் சொல்லக் கூடாதென்று சத்தியம் வேறு.
நீயாக வந்து சொல்வாயா என்று
ஐந்து நாள் காத்திருந்தேன்."

பிர்ச் இலைக்கட்டை எடுத்து
அவன் முதுகுக்குச் சேரவேண்டியதை
அவன் அக்காவின் முதுகில் தீர்த்தேன்.
இலைகள் பறந்தன.
சிரித்துச் சிரித்து அவள் பலகையிலிருந்து சரிந்து
என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

பிறகு, சிரிப்பில்லாமல்:
"வருகிறேன். கோட்டுகளைப் பிடிக்கிறேன்.
ஆனால் ஒன்று.
நாளைக்கு நீங்கள் சண்டை போட்டால்
ஆளுக்கொரு கரையில் நின்றுகொண்டு
என்னைப் படகாக்கக் கூடாது.
சம்பளத்துக்கு அதைத்தான் செய்கிறேன்,
போதும்."

சரி என்றேன்.
ஈரக் கையோடு ஈரக் கை.
இது ரொட்டிக்கடைச் சத்தியத்தைவிடக் கெட்டி
என்று பட்டது. தெரியவில்லை.

வெறுங்காலில் பனியைத் தாண்டி வீட்டுக்குள் ஓடினோம்.
அடுப்படியில் மால்லே அம்மா
புகைமீனை முள் எடுத்துக்கொண்டிருந்தார்.
இரண்டு முகமும் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது என்று
கேட்கவில்லை.
முள் ஒன்றை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தபடி
மகளிடம் கேட்டார்:

"வியாழக்கிழமை முதல் படகு
எத்தனை மணிக்கு?"

தட்டில் முள் விழுந்த சத்தம்.
ராய்வோ எழுந்து, அவசியமே இல்லாமல்,
விறகெடுக்க வெளியே போனான்.

கைடி தலைத்துண்டை இறுக்கிக் கட்டினாள்.
பிறகு தன் கண்ணாடிக் கூண்டுக் குரலில்,
முகத்தில் ஒன்றும் காட்டாமல்,

"ஆறு நாற்பது.
எத்தனை பேர்?"