பன்னிரண்டாவது குடுவை

ஈசூன், பதினோராம் மாடி.
சாம்பார் வைத்த குக்கரிலேயே
அகர் அகரும் இளநீரும் வெந்தன.
பிளீச் நாறும் கையால்
வாண்டாக் காயைப் பிளந்தேன்:
தூள்.
ஒரு தும்மலில் ஒரு காடே போய்விடும்.

கட்டுச்சோறு இல்லாமல் புறப்பட்ட விதைகள்.
காட்டில் பூஞ்சை ஊட்டும்;
குடுவையில் பூஞ்சை தின்னும்.

மூன்றாம் வாரம்
பதினொன்றில் கறுப்பு மயிர்.
கொதிநீர் ஊற்றிக் கழுவிக் கவிழ்த்தேன்.
"ஊறுகாயாவது போட்டிருக்கலாம்"
என்றாள் கயற்கண்ணி.

பன்னிரண்டாவதை எங்கே வைத்தேன்
என்றுகூட யோசிக்கவில்லை.

இன்று, தரை துடைக்கக் குனிந்தால்
ஜன்னலோரம், சலவைத்தூள் டப்பாவுக்குப் பின்னால்
கண்ணாடிக்குள்
கடுகில் கால்வாசி
பச்சை. இன்னொன்று. இன்னும்...
எண்ணவில்லை.

கயற்கண்ணி,
கதவை மெல்லச் சாத்து.