மொய் எழுதாதவர்கள்

புதன்கிழமை, காலை ஐந்தே முக்கால்.
வெஸ்ட்மீட் மருத்துவமனையில் தரைக்குக் கீழே ஓர் அறை.
"மாட்டைக் கறந்தாச்சா?" என்கிறாள் மார்னி.
இங்கே எல்லோரும் அதை மாடு என்றுதான் சொல்கிறார்கள்.
நான் மாடு கறந்தவள் இல்லை.
தாம்பரத்தில் ஆவின் பாக்கெட்டின் மூலையைக்
கத்தரியால் வெட்டிய கை இது.
ஆனாலும் எட்டு வருஷமாய்க் கறக்கிறேன்:
ஈயச் சுவருக்குள் ஒரு குழாய், குழாய்க்குள் வெள்ளை மணல்,
மணலோடு ஒட்டிக்கொண்டு மாலிப்டினம்.

நாற்பத்திரண்டு புரோட்டான், ஐம்பத்தேழு நியூட்ரான்.

பெயர் வைப்பது புரோட்டான் மட்டும்.
நியூட்ரான்கள் மொய் எழுதாமல் பந்தியில் உட்கார்ந்தவர்கள்.
இலைக்கணக்கில் உண்டு, மொய் நோட்டில் இல்லை.
இரண்டு பேர் கூடினாலும் குறைந்தாலும்
அதே வீட்டுக் கல்யாணம்தான்;
கனம் மாறும், சில சமயம் மேடை ஆட்டம் காணும்.
எலக்ட்ரான்களோ மண்டப வாசலில் செருப்புகள்.
மொய் எழுதியவர் எத்தனையோ அத்தனை ஜோடி
(மற்றவர்கள் வெறுங்காலோடு வந்தவர்கள்).
ஒன்று தொலையும், ஒன்று மாறிப்போகும்.
அதற்காக யாரும் வாசல் பலகையில்
பெண் மாப்பிள்ளை பெயரை அழிப்பதில்லை.

ராத்திரியில், யாரும் பார்க்காதபோது,
வெறுங்காலோடு வந்த ஒருவர் எழுந்துபோய்
மொய் எழுதிவிடுகிறார்.
ஏன் அவர், ஏன் இப்போது? தெரியாது.
ஓர் எலக்ட்ரான் தெறித்து ஓடுகிறது,
வாசலில் கிடந்ததல்ல, அந்தக் கணத்தில் பிறந்தது.
நாற்பத்துமூன்று.
இலைகள் அதே தொண்ணூற்றொன்பது. பெயர் டெக்னீசியம்.
இதுவரை இறுக்கிப் பிடித்திருந்த மணலுக்கு
இந்தப் புதியவரைப் பிடித்துவைக்கத் தெரியவில்லை.
உப்புநீர் விட்டால் கூடவே வந்துவிடுகிறார்.

திங்கட்கிழமைதோறும் இந்த மாட்டை
லூகாஸ் ஹைட்ஸிலிருந்து ஓட்டிவருபவர் தெவிதா.
டோங்காக்காரர். விடியுமுன் ஹீத்கோட் சாலையில் அவர் வேன்.
ஈயப் பானையை கேஸ் சிலிண்டர் மாதிரி
இடுப்பில் சாய்த்து இறக்குவார்.
பொற்கொடி என்ற பெயர் அவர் வாயில் கோடி.
எனக்கும் ஓர் எண்.

இன்று வேன் சாவி இல்லாமல் வந்திருக்கிறார்.
மருத்துவமனை அங்கி அவர் முழங்காலுக்கு எட்டவில்லை.
நாலு மாதமாய் முதுகுவலி. எலும்பு ஸ்கேன்.
"நான் சுமந்துவந்ததுதானா இது?" ஊசியைப் பார்த்துக் கேட்டார்.
இல்லை. நீங்கள் சுமந்தது நாற்பத்திரண்டு,
இது நாற்பத்துமூன்று.
"ஒன்றுதானே வித்தியாசம்?"
ஒன்றுதான்.
"எங்கே மாறியது? என் வண்டியிலா?"
சிலது உங்கள் வண்டியில், சிக்னலில் நின்றபோதுகூட.
"எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லையே."

மூன்று மணி நேரம் போய் கேமராவின் கீழே படுத்தார்.
இனி அது எண்ணை மாற்றவில்லை.
பெருமூச்சு மாதிரி ஒளியை மட்டும் விட்டுவிட்டு
அதே நாற்பத்துமூன்றாய் அடங்குகிறது.
தோள், விலா, முதுகு,
திரையில் புள்ளி புள்ளியாய் எழுந்து வந்தன.
முதுகில் ஒரு முள்ளெலும்பு மட்டும் பளிச்சென்று.
ஒன்று என்றால் பழைய அடியாக இருக்கலாம்,
பானை தூக்கிய தேய்மானமாக இருக்கலாம்.
இரண்டு, மூன்று என்று போனால்
டாக்டர் வேறு பெயரை யோசிப்பார்.
பெயர் சொல்வது என் வேலை இல்லை.
முகத்தை வைத்துக்கொள்ளப் பயிற்சி உண்டு.

"இன்னும் எவ்வளவு நேரம், கோடி?"
பதினெட்டு நிமிஷம். அசையாதீர்கள்.
அவர் தூங்கிவிட்டார்.
வெளியே மார்னி காலிப் பானைகளை அடுக்கும் சத்தம்.
இடுப்புக்குக் கீழே கண்ணைக் கொண்டுபோகாமல்
கொஞ்ச நேரம்
அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.