பதினாறு அங்குலச் சக்கரம்

கரண்ட் பில்லின் முதுகில்
ஏரியை வரைகிறேன்.
வட்டமாக வரவில்லை,
ஒரு பக்கம் கடித்த தோசைபோல் இருக்கிறது.
கடித்த பக்கத்தில் அடுக்குமாடிகள்.

எங்கள் ஹொரமாவு சந்திலிருந்து
வாசல்வரை சைக்கிளை நான் தூக்கிக்கொள்வேன்.
டேங்கர் லாரிகளுக்கு ஞாயிறு கிடையாது.

மேற்கு வாசலில் நடைக்காரர்கள்.
நால்வர் நால்வராக, தோளோடு தோள்,
வீட்டுக்கடன் வட்டி பேசியபடி போவார்கள்.
முதுகுக்குக் கண் இல்லை,
காதுகளில் வெள்ளைப் பொட்டுகள்.
மூன்றாவது பெஞ்சருகே இளநீர் வண்டி,
வண்டியைச் சுற்றி ஸ்கூட்டர்கள்,
ஸ்கூட்டர்களுக்கு அடியில் நாய்கள்.
ஆறரைக்குப் படித்துறையில் சிரிப்புச் சங்கம்:
வானத்தைப் பார்த்துக் கைதூக்கி
நாற்பது பேர் சிரிக்கும்போது
இடுப்புயரத்தில் அடிக்கிற மணி
யாருக்குக் கேட்கும்?

இவாஞ்சலின் பென்சிலைப் பிடுங்கி
தண்ணீர் நடுவில் ஒரு பையை வரைந்தாள்.
பைக்கு அலகு வைத்தாள்.
கூழைக்கடாவாம்.
அவளுடைய திட்டம் அத்தோடு முடிந்தது.

"குறுக்க யாராச்சும் வந்தா?"
மணி அடி.
"நகரலன்னா?"
பிரேக்கைப் பிடிச்சு நில்லு.
"நின்னா விழுந்துடுவேனே."

உண்மைதான்.
துணைச் சக்கரங்களைக் கழற்றிப் பத்தொன்பது நாள்.
போகத் தெரியும் அவளுக்கு,
நிற்கத்தான் தெரியாது.

அதனால் இந்த வரைபடத்தில் நான் குறித்திருப்பவை
அழகான இடங்கள் இல்லை,
விழக்கூடிய இடங்கள்.
புல் ஓரம் என்றால் ஒரு டிக்.
முள்கம்பி என்றால் பெருக்கல் குறி.
சறுக்கும் சிமெண்ட் வளைவில்
பேனா மை தீரும்வரை பெருக்கல் குறி.

நேற்று விடியுமுன்
அவள் சைக்கிளை நானே ஓட்டிப் பார்த்தேன்.
முழங்கால்கள் காதைத் தொட,
கைப்பிடியில் ரோஸ் குஞ்சங்கள் பறக்க,
முப்பத்தேழு வயதில்,
அறுபத்தொன்பது கிலோவோடு.
காவலர் முகத்தில் டார்ச் அடித்தார்.
"ஸைக்கல் இல்லா மேடம், போர்டு நோடி."
நோடினேன்.
சிவப்புக் கோட்டின் அடியில் ஒரு சைக்கிள்.
அது பெரியவங்க சைக்கிள் சார், குஞ்சமே இல்ல பாருங்க என்று
எனக்குத் தெரிந்த உடைந்த கன்னடத்தில் வாதாடினேன்.
டார்ச் அணைந்தது.
இருட்டில் அவர் சிரிப்பது கேட்டது.
"மகுகா? ஆறூவரே ஒளகே முகிஸ்பிடி."

ஆறரைக்குள் முடிக்க வேண்டும்.
ஆறுக்கு முன்னால் பாதை காலி,
ஏரியோ வெறும் கறுப்புத் தட்டு,
எது பறவை எது பாலிதீன் கவர் தெரியாது.
இந்த ஊரில்
வெளிச்சமும் கூட்டமும்
ஒரே பஸ்ஸில் வந்து இறங்குகின்றன.
ஆறு பத்திலிருந்து இருபது நிமிடம்.
அரைச் சுற்று.
மிச்சத்தை உருட்டிக்கொண்டு நடப்போம்,
நாங்களும் தோளோடு தோளாக,
அல்லது தோளோடு ஹெல்மெட்டாக.

தண்ணீர். மாரி பிஸ்கட். பேண்ட்-எய்ட் ஆறு.

மணி பதினொன்று.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே தூங்கிவிட்டாள்.
பால்கனியில் சைக்கிளைச் சாய்த்து
சீட்டின் திருகைத் தளர்த்துகிறேன்.
போன வாரம் பிடிவாதம் பிடித்து
அவள் ஏற்றச் சொன்ன உயரம்.
ஒரு விரல்கட்டை இறக்கினால்
நிற்கும்போது இரண்டு பாதமும் தரையைத் தொடும்.
கிரீச்சென்றது.
கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டு
இறக்கி, இறுக்கினேன்.

காலையில் ஏறி உட்காருவாள்.
காலைக் கீழே வைத்துப் பார்ப்பாள்.
"அம்மா, ராத்திரியில நான் வளந்துட்டேன்" என்பாள்.

முகம் மாறாமல்
ஆமாம் என்று சொல்ல
இப்போதே பழகிக்கொண்டிருக்கிறேன்.