மெட்டில்லாத கழுத்து

வீணைக்கு இருபத்து நான்கு மெட்டு.
ஜுனைதியின் கம்பூஸுக்கு ஒன்றுகூட இல்லை.
மெட்டில்லாததில் மெட்டு எப்படி வரும் என்று
முதல் நாள் நானே சொல்லி நானே சிரித்தேன்.
மலாயில் அதை விளக்க முடியவில்லை.

பிடோக், பன்னிரண்டாம் மாடி.
மடக்கு மேசையில் பென்சில், அழிப்பான்,
ஆறிப்போன தே ஓ.
அந்தக் கட்டைக் கழுத்துக்கு
ஒரு தோடி வர்ணத்தைப் பெயர்த்து எழுதுகிறேன்.

தாளத் தந்தி மூன்றையும் முதலில் அடித்தேன்.
சின்ன வீட்டுக்குக் குடிபோகிறவள் மாதிரி
மேல் ஸ்தாயியில் இருந்ததையெல்லாம் கீழே இறக்கினேன்.
காந்தாரம் மட்டும் கதவில் இடித்தது.

வீணையில் தந்தியை இழுத்தால் வந்துவிடும்.
இங்கே தந்திகள் இரட்டை.
இழுத்தால் ஒன்று வரும்,
கூடப்பிறந்தது முறைத்துக்கொண்டு நிற்கும்.

வளைகோடு ஒன்று போட்டுக் கொடுத்தேன்.
"இது என்ன சுரம்?"
"சுரம் இல்லை. போகிற வழி."
பேருந்து ஓட்டுகிறவர். தலையாட்டினார்.

விரலை வழுக்கவிட்டார்.
ரிக்கும் மவுக்கும் நடுவே,
என் வீணையில் மெழுகும் வெண்கலமும்
அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தில்
கொஞ்சம் தாழ்ந்து, கொஞ்சம் தயங்கி
எங்கோ நின்றது.
தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன்.
இன்னொரு தரம் வாசியுங்கள் என்றேன்.

வளைகோட்டை அழித்துவிட்டேன்.

சனிக்கிழமை சமூக மன்றத்தில் வாசிக்க வேண்டும்.
இரண்டு பக்கம் வந்திருக்கிறது.
பக்கம் திருப்பக் கை இல்லை,
ஒன்றாக்கித் தாருங்கள் என்கிறார்.

எதை வெட்டுவது?